ஹில்ஸ்பரோ கராஜில் ஒரு மயில்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்தது ஒரு பெண் அதிகாரி. பருப்புப் பொடியை எடுத்து ஓரமாக வைத்தார். கறிவேப்பிலைப் பொடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் செருப்பைத் திருப்பி, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். ஒரு சிட்டிகை மண்கூட உள்ளே போகக் கூடாதாம் அந்த நாட்டில். கடைசியாகத் துணிக்கு அடியிலிருந்து என் டூல்ஸ் பையை உருவினார். சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், இடுக்கி, ஸ்பிரிங் கொக்கி, மூன்று பிரஷ்.

"நீங்கள் பல் டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லை, ஃபிட்டர்" என்றேன். என் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொடிகளையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பொய் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் பெண்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்கு இருபத்தெட்டு வருஷம் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் சாந்தாமணி. ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு பைத்தியம். பழைய காலத்து ஸ்லாட் மெஷின் சேர்ப்பது. காசு போட்டு, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால், படம் ஒட்டிய மூன்று சக்கரங்கள் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்குமே, அந்தச் சூதாட்டப் பெட்டி. கரண்ட் கிடையாது, ஒயர் கிடையாது. முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் நெம்புகோலும்தான். அதைச் செய்தவனுடைய மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும். மற்றபடி தீபாவளிக்குக்கூட நான் சீட்டைத் தொட்டதில்லை.

வீட்டில் ஓடுகிற மெஷின் ஐந்து இருக்கிறது. ஆறாவதுதான் என் வயிற்றெரிச்சல். குன்னூர்ப் பக்கம் ஏதோ எஸ்டேட் கிளப்பிலிருந்து உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு வந்த பெட்டி அது. முகப்பில் தோகை விரித்த மயில், அலுமினிய வார்ப்பு. உள்ளே ஒன்றும் இல்லை. இயந்திரத்தை எவனோ எடைக்குப் போட்டுவிட்டான். ஒன்பது வருஷமாக அதற்கு ஏற்ற உள்ளுறுப்பைத் தேடுகிறேன். "ஏனுங், அந்த மயிலுக்கு இந்த ஜென்மத்துல வயிறு கிடைக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத மாதம் இல்லை.

அந்த நேரத்தில்தான் என் அக்கா மகள் வித்யா ஆக்லாந்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒரு பெண், 'அப்பா அம்மா வீடு மாறுகிறார்கள், கராஜில் இருப்பவை தேவைப்படுவோர் எடுத்துச் செல்லலாம்' என்று அங்குள்ள தமிழர் குழுவில் போட்டிருந்த படம். பழைய சைக்கிள், இட்லிச் சட்டி, தையல் மெஷின் ஸ்டாண்ட், அதற்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு மயில். அதே மயில். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் எண் வாங்கி அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது வேலை செய்யாதம்மா. தேவையெண்டா வந்து எடுங்கோ" என்றார். வித்யாவைப் பார்த்தும் நாலு வருஷம் ஆகிறது, அது ஒரு சாக்கு.

முதல் நாள் வெஸ்ட்கேட்டில் வித்யா வீட்டில் தூங்கியே போனது. ஜூலையில் குளிர்காலம் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், சாக்ஸ், அதற்கு மேல் சால்வை என்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. புத்தம் புது ஏரியா, எல்லா வீடும் ஒரே மாதிரி. குப்பை போட வெளியே போய்விட்டு, திரும்பிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன். திறந்த ஆள் கோபிக்கவில்லை. தானும் இரண்டு தடவை இப்படிச் செய்ததாகச் சொல்லி, என்னை வித்யா வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் காலை பஸ். வித்யா வேலைக்குப் போய்விட்டாள். ஸ்டாப்பில் நல்ல பிள்ளையாக நின்றேன். பஸ் வந்தது, என்னைத் தாண்டிப் போனது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. நம்ம ஊரில் பஸ் நூறடி தள்ளி நின்றாலும் நிற்கும், ஓடிப் போய் ஏறலாம். இங்கே கையை நீட்டி நிறுத்தாவிட்டால், நமக்கு இந்த பஸ் வேண்டாம் என்று மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஸ்டாப்பில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்தான் சொல்லிக் கொடுத்தாள். அதற்குள் மழை வந்து, வெயில் வந்து, மறுபடி மழையும் வந்துவிட்டது.

இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நானும் சொன்னேன். டிரைவர் என் ஈரப் புடவையைப் பார்த்து, "சீக்கிரம் சூடாக ஏதாவது குடியுங்கள், அம்மா" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார், ஆனால் அந்தக் குரலை வேறு எப்படித் தமிழில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஹில்ஸ்பரோ சத்தமே இல்லாத இடம். சரிவில் வீடு, வீட்டுக்கு அடியில் கராஜ். கதவைத் திறந்தது போனில் பேசிய ராணி அக்கா. அறுபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கனமான தாலிக்கொடி, மேலே ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை.

"வாங்கோ, வாங்கோ. நல்லா நனைஞ்சு போனீங்கள். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு உதைப் பாக்கலாம்."

அவர் வீட்டுக்காரர் சிவபாலன் அண்ணன் ஹாலில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்கள், அந்தப் பேச்சில் 'உதை' என்றால் 'இதை'. சண்டை நேரத்தில் வந்து, அவர் இங்கே ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் வெஸ்ட்கேட்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே கராஜ் கிடையாது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர, மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேத்தண்ணி என்று சொல்லிவிட்டுப் புட்டு வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல், கூடவே சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அந்தக் கிழங்குக்கு இந்த ஊரில் குமரா என்று பெயராம். கராஜில் மயில், தட்டில் குமரா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ராணி அக்கா சிரித்தார்.

"மயில் இருந்தபடியாத்தான் உதை வீட்டுக்குள்ள விட்டனான். இல்லாட்டிச் சூதாட்டப் பெட்டியை ஆர் விடுவினம்? இவர் வேலை செய்யேக்க, ஒரு கிளப்பில இருந்து வெளியில எறிஞ்சதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்."

பாத்திரம் எடுத்து வைக்கும் சாக்கில் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், மீதிக் கதையை மெதுவான குரலில் சொன்னார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனின் கூட்டாளிகள் நாலைந்து பேர் வருவார்களாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு இழுப்பு. யாருக்கு மோசமாக விழுகிறதோ அவர் அன்றைக்கு எல்லாப் பாத்திரமும் கழுவ வேண்டும். ராணி அக்காவுக்குப் பதினெட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுகிற வேலையே இல்லாமல் இருந்ததாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரஸ்வதி பூசை அன்றைக்கு மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் வைத்து இழுத்தார்களாம். அருமையாக ஓடியதாம். அடுத்த நாள் காலையில் நின்றுவிட்டது.

"பூசையோட நிண்டதாலயோ என்னவோ, தன்ட கையாலதான் செத்தது எண்டு மனசில பிடிச்சுக்கொண்டார். ரிப்பேர் செய்யிற வெள்ளைக்காரன் ஒருத்தனும் வந்து இழுத்துப் பாத்திட்டு, முடிஞ்சுது எண்டிட்டான். அதுக்குப் பிறகு இவர் கீழ இறங்கிறதே இல்லை. கூட்டாளியளும் மெல்ல மெல்ல நிண்டிட்டினம். நீங்கள் இதைக் கொண்டு போங்கோ தங்கச்சி. கண்ணில படாட்டி ஆள் தேறிடுவார்."

முழுப் பெட்டியை என்னால் கொண்டுபோக முடியாது. நம்ம ஊர் கஸ்டம்ஸில் நான் சீட்டாட்டக் கிளப் வைக்கப் போகிறேன் என்று பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற இயந்திரம் மட்டும் போதும், பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அதைச் சொன்னபோது அண்ணன் போர்வைக்குள்ளிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"செத்ததுக்கு விலை கதைக்கிறேல்லை. உள்ளுக்க இருக்கிறதைக் கழட்டிக்கொண்டு போங்கோ. மயிலை மட்டும் விட்டிட்டுப் போனாச் சரி, புது வீட்டுச் சுவரில மாட்டலாம்."

கீழே அவரும் வந்தார். மேலே மூடியிருந்த படுக்கை விரிப்பை விலக்கியதும் மயில். சந்தனம் காய்ந்து தோகையில் அப்படியே இருந்தது. கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் வந்து, திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்கதவுச் சாவியை வாங்கித் திறந்து, இயந்திரத்தைப் பாதி வெளியே இழுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லா ஸ்பிரிங்கும் ஒழுங்காக இருந்தது. ஒரு பல்கூட உடையவில்லை. ஆனால் சக்கரங்கள் நிற்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன விசிறி முழுக்க வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நெம்புகோல்களின் இடுக்கிலும் அதே வெள்ளை. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

தேங்காய் எண்ணெய்.

"பூசைக்கு என்ன எண்ணெய் போட்டீங்கண்ணா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"தேங்கா எண்ணெய்தான். ஊரில சைக்கிள் செயினுக்கு அதைத்தானே விடுறனாங்கள். என்ட சைக்கிள் ஒருநாளும் மக்கர் பண்ணேல்லை. இஞ்ச போத்திலுக்குள்ள கட்டியா இருக்கும், சுடுதண்ணியில வைச்சு உருக்கித்தான் ஊத்தினனான்."

யாழ்ப்பாண வெயிலில் அது எப்படி உறையும்? ஆக்லாந்துக் குளிரில் எப்படி உறையாமல் இருக்கும்? தினமும் தலைக்கு வைக்கிற எண்ணெயை உருக்குகிற மனிதர், மெஷினுக்குள் ஊற்றியதும் அதே மாதிரி மறுநாள் கட்டியாகும் என்று யோசிக்கவில்லை. மெஷின் சாகவில்லை. குளிர் பிடித்துப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மணி நேர வேலை.

"முடிஞ்சுதுதானே?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், நம்ம ஊருக்கே உரிய ஆட்டு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. கட்டுவதற்குச் சாமான் வாங்கிக்கொண்டு நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நியூ லின் என்ற கடைப்பகுதியில் கழிந்தது. அட்டைப் பெட்டி, குமிழி பிளாஸ்டிக், டேப். சூப்பர் மார்க்கெட்டுக்குள் நடு வயது ஆள் ஒருவர் செருப்பே இல்லாமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தக் குளிரில், அந்த டைல்ஸ் தரையில். நம்ம ஊரில் வெறுங்காலோடு நடந்தால் வேண்டுதல் என்று அர்த்தம். இவருக்கு என்ன வேண்டுதலோ என்று பார்த்தேன், ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கடையில் உருளைக்கிழங்கு சிப்ஸ் சின்னது ஒன்று கேட்டேன். காகிதத்தில் சுற்றி அவர்கள் கொடுத்தது மூன்று பேர் சாப்பிடுகிற அளவு. மழைக்கு ஒதுங்கி நின்று, சூட்டோடு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதியை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தேன். அவராகத்தான் கொடுக்கிறார். அந்தம்மாவும் கொண்டு போ என்கிறார். புது வீட்டில் இடமும் இல்லை. நான் திருடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்தேனே. சாயங்காலம் வீட்டுக்காரர் கூப்பிட்டு, "வயிறு கிடைச்சுதா?" என்றார். "கிடைச்ச மாதிரித்தானுங்க" என்றேன். கிடைத்த மாதிரி என்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை, மகராசன்.

நான்காம் நாள் காலை அட்டைப் பெட்டியோடு போய் இறங்கினேன். அண்ணன் எனக்கு முன்னாலேயே கராஜில் இருந்தார். சின்ன ஸ்டூல் போட்டு, மெஷினுக்குப் பக்கத்தில். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் கைப்பிடியின் மேல் கையை வைத்தார்.

"தங்கச்சி, உங்கட மெஷினில ஓடிச்சுதெண்டா ஒரு வீடியோ எடுத்து அனுப்புவீங்களோ? சத்தம் மட்டும் கேட்டாலும் காணும்."

சத்தம் கேட்டால் போதுமாம், அவ்வளவுதான் கேட்டார். என்னைப் பற்றி எனக்கே அசிங்கமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, முடி காய வைக்கிற மெஷின் இருக்குங்களா? தையல் மெஷின் எண்ணெய் இருந்தா அதையும் கொண்டு வாங்க."

இரண்டும் வந்தன. இயந்திரத்தை முழுசாக வெளியே எடுத்து மேஜையில் வைத்து, சூடான காற்றைக் காட்டினேன். வெள்ளை உருகி, சொட்டுச் சொட்டாக இறங்கியது. கராஜ் முழுக்கத் தலைக்குக் குளித்த வாசனை. பழைய வேட்டித் துண்டை, கராஜில் இருந்த டர்பன்டைனில் நனைத்து, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன். அண்ணன் துணி கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தையல் மெஷின் எண்ணெய், சேர வேண்டிய இடத்தில் மட்டும் ஒவ்வொரு துளி. இயந்திரத்தைத் திருப்பி உள்ளே தள்ளினேன்.

"இழுங்கண்ணா" என்றேன்.

அவர் இழுக்கவில்லை. ராணி அக்காதான் வந்து, அவர் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்து, தன் கையையும் சேர்த்து இழுத்தார். மூன்று சக்கரமும் ஒன்றாகச் சுழன்றன. விசிறியின் உர்ர் சத்தம். பிறகு டக், டக், டக். ஒன்றுக்கொன்று சேராத மூன்று படங்கள். அண்ணன் மறுபடி இழுத்தார். மறுபடி. ஐந்தாறு தடவை இழுத்த பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமா, போச்சே என்ற வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான்.

"எண்ணெய்தானோ?" என்றார் ராணி அக்கா. "தையல் எண்ணெய் மேல அலுமாரியில கிடந்தது. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாத் தந்திருப்பன். ரெண்டு வருசம், கடவுளே."

அண்ணன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முந்தநாள் நகத்தால சுரண்டி மணந்து பாத்தனீங்கள். அப்பவே தெரியுமோ?"

"தெரியுமுங்கண்ணா. சொல்லாம எடுத்துட்டுப் போலாம்னுதான் இருந்தேன்."

திட்டுவார் என்று நின்றேன்.

"ரெண்டு நாள்தான் யோசிச்சிருக்கிறீங்கள். நானெண்டாச் சொல்லியே இருக்கமாட்டன்" என்றார். பிறகு எழுந்து பின்கதவைப் பூட்டி, சாவியை என் பக்கம் நீட்டினார். "சொன்ன சொல் சொன்னதுதான், தங்கச்சி. கழட்டிக்கொண்டு போங்கோ. நான் கேட்டிட்டன், எனக்கு அது காணும்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் நிஜமாகவே கொடுத்துவிடுவார். இன்னும் ஒரு தடவை எடுத்துக்கோ என்று சொன்னால், நானும் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எங்கள் இருவரையும் நம்ப முடியாது. நான் திரும்பி, சாவியை ராணி அக்காவின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன்.

ராணி அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளோடு அந்தச் சாவியையும் மாட்டி, கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"உது புது வீட்டு ஹோலுக்க வரும். சோஃபாவை வித்திட்டு அந்த இடத்தில வைக்கிறம். மகளோட நான் கதைக்கிறன்" என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் கையைக் கழுவிப்போட்டு மேல வாங்கோ."